டாக்டர் லூர்துசாமி நிரப்பாமல் விட்ட வரி

காலை ஐந்தே முக்கால் இருக்கும். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ‘டாக்டர் லூர்து’ என்று திரையில் வந்தது. மூன்று வாரமாகப் பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் போன். எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. ஐம்பத்தாறு வயது ஆளுக்கு வரக்கூடிய யோசனையா அது? இரண்டாவது முறை அடித்தபோது எடுத்தேன். அவருடைய மனைவி பிலோமினா அம்மாதான் பேசினார்.

“மாஸ்டர், டாக்டர் போயிட்டாரு. நாலு மணிக்கு. ஓட்டக்காரங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும்.”

சரிம்மா என்றேன். பாதிக் கோட்டோடு சுண்ணாம்பு வாளியை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி யாரைக் கேட்டு நான் பந்தயம் நடத்துவேன் என்ற பயம். அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடக்கத்தன்று உப்பளம் கல்லறைக்கு வந்திருந்த ஓட்டக்காரர்களில் பாதிப் பேர் விளையாட்டுக் காலணியோடு வந்திருந்தீர்கள். அவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டாக்டர் லூர்துசாமி மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்தவர். அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் தெருக் கிழவர்கள் கடைசி வரைக்கும் இவரை ‘சொல்தா மகன்’ என்றுதான் சொன்னார்கள். ஓடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் கலியபெருமாள், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், நம் ஓட்டக்காரர் சங்கத்தின் செயலாளர். ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் அளப்பார், நான் விரட்டுவேன்.

அவருடைய ஆய்வறையில் முதல்முதலாக நான் பார்த்தது ஒரு போலீஸ்காரரை. நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி, மூக்குக்குக் கிளிப் போட்டு, வாயில் குழாயைக் கவ்வவைத்து டிரெட்மில்லில் ஓடவிட்டிருந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். ஆள் இனி ஒரு அடி முடியாது என்று கை காட்டும்வரை கூட்டுவார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. திடலில் ஆயிரம் பேரை ஓடவிட்டவன் நான். ஆனால் ஒரு மனிதன் முடியாமல் போகிற இடத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று அதுவரை பார்த்ததில்லை. முகம் வெளிறி, கண் எங்கேயோ போய்விட்டிருந்தது. டாக்டரைப் பார்த்தேன். அவரே பயந்துபோய்தான் இருந்தார். ஒரு விரல் மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டன் மேலேயே இருந்தது.

முடிந்த பிறகு கேட்டேன், “இத்தனை வருஷம் பண்றீங்க, இன்னும் பயமா டாக்டர்?”

“நெஞ்சு எவ்ளோ தாங்கும்னு எனக்குத் தெரியாது மாஸ்டர். தெரிஞ்சா எதுக்கு அளக்கணும்? தெரியாதவன் பயந்துதான் ஆவணும்.”

நான் சிரித்தேன். பயப்படுகிறவன் எப்படிப் பயிற்சி கொடுப்பான் என்பது அப்போது என் எண்ணம். மாணவர்களுக்கு என் விசில் சத்தம் கேட்டாலே கால் தானாக ஓடும் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்த காலம் அது.

ஒரு மரச்சட்டத்தில் இரண்டு வெப்பமானியை மாட்டிக்கொண்டு அவர் திடலுக்கு வருவார். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டு, இரண்டும் எவ்வளவு காட்டுகின்றன என்று பார்ப்பார். ஈரத்துணி வெப்பமானி நன்றாக இறங்கினால் அவர் முகம் தெளியும். இறங்காமல் மற்றதற்குப் பக்கத்திலேயே நின்றால், “இன்னைக்கி வேணாம் மாஸ்டர், பசங்கள அனுப்பிச்சிடுங்க” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். மதுரையில் இதைவிட வெயில் கொளுத்துகிறது, அங்கே ஓடவில்லையா என்பேன்.

“வேர்வை கொட்டுனா ஒடம்பு குளிராது. காஞ்சாத்தான் குளிரும். நம்மூரு கடக்காத்துல ஏற்கெனவே தண்ணி நெறஞ்சி கெடக்கு. வேர்வை எங்க போயி காயும்?” என்று அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அன்று அதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், சித்திரை மாதம். கடற்கரைச் சாலையிலிருந்து நோணாங்குப்பம் படகுத்துறை வரைக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் வைத்தோம். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. கொடியசைக்க வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. இதோ கிளம்பிவிட்டார், இதோ வந்துகொண்டிருக்கிறார் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏழானது, ஏழரையானது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாஸ்டர், ரெண்டு தெர்மாமீட்டரும் ஒண்ணாயிட்டு வருது. நிறுத்திடுங்க. கும்புட்டுக் கேக்குறேன்.” பேனர் கட்டியாயிற்று, பரிசுக் கோப்பை மேசையில் இருக்கிறது, இருநூறு பேர் எண் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விருந்தினர் வராமல் தொடங்கினால் மரியாதைக்குறைவு, நிறுத்தினால் சங்கத்துக்கே அவமானம் என்று நினைத்தேன். எட்டேகாலுக்குக் கொடி அசைந்தது.

வழியில் மூன்று இடத்தில் தண்ணீர் மேசை போடச் சொல்லியிருந்தார் டாக்டர். போட்டேன். ஆனால் ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் எல்லாருக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மேசை டாக்டரின் மனத் திருப்திக்கு, என் ஆட்களுக்கு இல்லை.

என் ஆட்களில் முதல் ஆள் ஏழுமலை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டு வேலை. வயது இருபத்தேழு. அன்று மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். நான் ஸ்கூட்டரில் அவன் பக்கத்திலேயே போனேன். முருங்கப்பாக்கம் மேசை வந்தபோது, “மாஸ்டர், தண்ணி” என்றான். “இப்ப வேணாம், புடிச்சிக்கும், ஓடு” என்றேன். அரியாங்குப்பத்தில் மேசைப் பக்கம் கையை நீட்டினான். நான் ஸ்கூட்டரை நடுவில் விட்டு மறித்தேன். அதற்கும் அப்பால், பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இன்னொரு முறை கேட்டான். அப்போது கேட்ட குரல் அவனுடைய குரலாகவே இல்லை. “எதிர்ல பார்றா, அவன் தளந்துட்டான். ரெண்டாவது எடம் ஒனக்குத்தான்” என்று கத்தினேன். அவன் ஓடினான். நான் சொன்னால் ஓடுவான்.

பிறகு அவன் கால் கோணலாகப் போக ஆரம்பித்தது. சாலையின் நடுவுக்குப் போனான். என்னைத் திரும்பிப் பார்த்து, “ஷிப்டு முடிஞ்சிடுச்சா மாஸ்டர்?” என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் விழுந்துவிட்டான்.

கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு என்று யாரோ கத்தினார்கள். இரும்பு, இரும்பு என்றார்கள். நான் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கையைத் தொட்டதும் சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. ஒருவர் சோடா கொண்டுவந்தார். ஒரு டெம்போவை மறித்து, தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்கள் என்று நாலு பேர் குனிந்தார்கள். ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் கடைசி வண்டியில் வந்துகொண்டிருந்த டாக்டர் அப்போதுதான் குதித்து ஓடிவந்தார். கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்த மனிதர் யாரையும் இடித்து நான் பார்த்ததே இல்லை.

“யாரும் தூக்காதீங்க! மொதல்ல குளிரவைக்கணும். ஆஸ்பத்திரி அப்புறம். ஐஸ் எங்க?”

பாலத்துக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் மீன் விற்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மீன் வண்டி ஒன்று நின்றது. அதில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஐஸ் பெட்டி. அந்த மீனுக்குச் சொந்தக்காரி அஞ்சலை என்கிற அம்மா. அவர் ஒரே ஒருமுறை ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார். “டேய், மீன ரோட்டுல கொட்டுங்கடா!” என்றார். வஞ்சிரமும் சங்கராவும் தார்ச்சாலையில் சரிந்தன. அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஐஸ் மிதக்கிற தண்ணீரில் ஏழுமலையைக் கழுத்து வரைக்கும் இறக்கினோம். டாக்டர் தலையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார்.

உள்சூடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வாயிலோ கக்கத்திலோ வைத்தால் சரியாகக் காட்டாது, ஆசனவாயில்தான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நட்டநடுச் சாலையில், இருநூறு பேர் சூழ நிற்க. மீன்காரப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை விரித்து நாலு பக்கமும் மறைப்பாக நின்றுகொண்டார்கள். ஒருத்தி வேடிக்கை பார்த்தவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டாக்டர் வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். செல்சியஸில் நாற்பத்திரண்டுக்கு மேல், காய்ச்சல் கணக்கில் நூற்றெட்டு. அதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அதற்குள் ஏழுமலையின் மனைவி தனலட்சுமி முடிவுக்கோட்டிலிருந்து ஓடிவந்துவிட்டாள். மீன் பெட்டிக்குள் புருஷனைப் பார்த்தவள் போட்ட கூச்சல் இருக்கிறதே! “யோவ், கொன்னுடாதீங்கய்யா! உசுரு இருக்குதுய்யா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கய்யா!” அவளுடைய அண்ணன் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தான். டாக்டர் கையை எடுக்கவில்லை, ஐஸ் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, “மாஸ்டர், இருவது நிமிஷம். யாரயும் உள்ள விடாதீங்க. வண்டியில ஏத்துனா போற வழியிலேயே வெந்து போயிடுவான்” என்றார்.

நான் நின்றேன். கையை விரித்துக்கொண்டு அந்த அண்ணனை மறித்து நின்றேன். அதைப் பிற்பாடு பலர் பெரிய தைரியம் என்று புகழ்ந்தார்கள். உண்மை என்னவென்றால் எனக்குக் கால் நகரவில்லை. உள்ளே ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவன் செத்தால் நான்தான் கொன்றேன். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. இது யாருக்கும் தெரியாது.

எத்தனை நிமிடம் போயிற்றோ. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. “குளுருது.”

டாக்டர் மறுபடி வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. “இப்ப ஏத்துங்க” என்றார். தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள், தனலட்சுமியும் ஏறினாள். டாக்டர் மீன் வண்டியின் பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “இதுவரைக்கும் படிச்சதுதான் மாஸ்டர். செஞ்சதில்ல. தப்பாயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?” பிறகு இரண்டு பேரும் அந்த டெம்போவுக்குப் பின்னாலேயே போனோம்.

ஏழுமலை பிழைத்தான். ஆறு நாள் படுக்கையில் இருந்தான், சிறுநீர் காப்பி நிறத்தில் போனது, பிறகு தேறிவிட்டான். முருங்கப்பாக்கத்துக்கு முன்னாலிருந்தே நடந்தது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. மூளை சூடேறினால் அப்படித்தான், அது திரும்ப வராது என்றார் டாக்டர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “விழறதுக்கு முன்னாடி நான் என்ன மாஸ்டர் சொன்னேன்?” என்று கேட்பான். “ஷிப்டு முடிஞ்சிடுச்சான்னு கேட்ட” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் டாக்டர் ஒரு படிவத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய இரவுத் தூக்கம், காலையில் சாப்பிட்டது, விழுந்த நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். “வழியில எவ்ளோ தண்ணி குடிச்சான் மாஸ்டர்? நீங்கதான கூடவே வந்தீங்க?”

“குடிச்சான் டாக்டர். ரெண்டு மூணு வாட்டி குடிச்சான்.”

அவர் பேனாவைத் தாளுக்கு மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “தண்ணி மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. அந்த வெயிலு, அந்த வேகம், ராத்திரி ஷிப்டு, எல்லாம் சேந்துதான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாலு வருடம் தூங்கினேன்.

அதற்கப்புறம் பந்தயங்களை அவர் மாற்றினார். ஐந்தரைக்குத் தொடக்கம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் தொடக்கம். ஐஸ் தொட்டி இல்லாமல் முடிவுக்கோடு இல்லை. ஒவ்வொரு பந்தயத்திலும், “மாஸ்டர் தண்ணி மேசையில நிப்பாரு” என்று அவரே சொல்லிவிடுவார். சங்கச் செயலாளர், கழுத்தில் விசில், கையில் தண்ணீர் பாக்கெட். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஒருமுறை கேட்டேவிட்டேன், இதற்கு வேறு ஆளே இல்லையா என்று. “ஒங்க கையால குடுத்தாத்தான் குடிப்பாங்க மாஸ்டர். ஒங்க பேச்சத்தான் கேப்பாங்க” என்றார். புகழ்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து பிலோமினா அம்மா கூப்பிட்டு, சங்கத்துக் காகிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து புரட்டினேன். ஏழுமலையின் படிவம் இருந்தது. எல்லா வரியும் அவருடைய பொடி எழுத்தில் நிரம்பியிருந்தது. ‘வழியில் குடித்த நீர்’ என்ற வரி மட்டும் காலி. அடித்தல் இல்லை, கோடு இல்லை, ஒன்றுமே இல்லை. நான் சொன்னதை அவர் எழுதவில்லை. நம்பியிருந்தால் எழுதியிருப்பார். பொய் என்று முடிவு கட்டியிருந்தால் அதையும் எழுதியிருப்பார். “அளக்காதத எழுத மாட்டேன்” என்று மாணவர்களிடம் அவர் சொல்வது எனக்குத் தெரியும். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதைத்தான் இனி எப்போதும் தெரிந்துகொள்ள முடியாது.

மறுநாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். புருஷன், பெஞ்சாதி இரண்டு பேரும் இருந்தார்கள். டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், தனலட்சுமி அழுதாள். அன்றைக்கு அவரைத் திட்டினேனே என்று அழுதாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீ தண்ணீர் கேட்டாய், நான் கொடுக்கவில்லை, மேசையை மறித்தேன், டாக்டரிடம் பொய் சொன்னேன்.

ஏழுமலை எழுந்து நின்றான். அடிப்பானோ என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“எத்தனி வாட்டி கேட்டேன் மாஸ்டர்?”

“மூணு வாட்டி.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தனலட்சுமிதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. “வேற யாருக்காச்சும் இப்பிடி ஆச்சா மாஸ்டர்? இவருக்கு முன்னாடி?”

“தெரியலம்மா” என்றேன்.

டாக்டர் லூர்துசாமியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பயம்தான். அவருக்கு அது ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் வந்தது. எனக்கு முப்பது வருடம் பிள்ளைகளை விரட்டி முடித்து, அவர் போன பிறகு வந்திருக்கிறது. பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். திடலில் மயங்கி விழுந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள், ஒருநாள் திடீரென்று வராமல் நின்றுபோனவர்கள். சோம்பேறி என்று சொல்லி நான் பெயரை அடித்துவிட்ட பிள்ளைகள். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். சில முகம் நினைவுக்கு வருகிறது, பல வரவில்லை. உங்களில் யாராவது என்னிடம் ஓடியிருந்தால், தண்ணீர் கேட்டு நான் கொடுக்காமல் விட்டிருந்தால், வந்து சொல்லுங்கள். திட்டிச் சொன்னாலும் சரி. உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.